சிறிய துண்டுக்குக் கரை



இந்த வாரத் தியானத்தை ஒரு சிறு கணக்கோடு தொடங்குகிறேன். 3 அங்குலச் சதுரமாக வெட்டிய நான்கு துணித் துண்டுகளை மேசையின்மேல் ஒன்றையடுத்து ஒன்றாக வையுங்கள். மொத்த நீளம் 12 அங்குலம் இருக்கும். இனி அவற்றை ஒரே வரிசையாகத் தையுங்கள். ஒவ்வொரு தையலிலும் இரு பக்கத்துத் துணியும் கால் கால் அங்குலம் உள்ளே போய்விடுகிறது. ஆகவே மூன்று தையல்களில் ஒன்றரை அங்குலம் குறைந்து 10½ அங்குலம் நிற்கும். அந்த வரிசை ஒரு போர்வைக்குள் சேரும்போது, இரு ஓரங்களிலும் மேலும் கால் கால் அங்குலம் மறையும். கடைசியில் கண்ணுக்குத் தெரிவது 10 அங்குலமே.

மறைந்துபோன 2 அங்குலம் எங்கே போயிற்று? போர்வையைத் திருப்பிப் பாருங்கள். உட்புறத்தில் மடிந்து கிடக்கிறது. மேலே தெரிகிற பத்து அங்குலத்தையும் கிழியாமல் பிடித்துக்கொண்டிருப்பது அந்த இரண்டு அங்குலந்தான். இது தையல் தெரிந்த எல்லாருக்கும் தெரிந்த செய்தி. ஆயினும் சபையாகக் கூடி வாழ்கிற நாம் அடிக்கடி மறந்துபோகிற செய்தியும் இதுவே.

நம் பெண்கள் ஐக்கியத்தார் தைத்து முடித்த ஒட்டுத்துணிப் போர்வையை உங்களில் பலர் ஆலயத்தில் பார்த்தீர்கள். அதன் மேற்புறம் அழகாயிருக்கிறது என்று எல்லாரும் சொன்னீர்கள். அது உருவான விதத்தையும் நீங்கள் அறியவேண்டும் என்று விரும்புகிறேன். சம்பந்தப்பட்டவர்களின் சம்மதத்தோடு, பெயர்களை விட்டுவிட்டு, இதை எழுதுகிறேன்.

நம் மதுரை துணிக்குப் பேர்போன ஊர். விளக்குத்தூணைச் சுற்றிலும் ஜவுளிக் கடைகள் நெருங்கி நிற்கின்றன. திருமலை நாயக்கர் கட்டிய புதுமண்டபத்தின் கற்தூண்களுக்கிடையே பல தலைமுறைத் தையற்காரர்கள் இயந்திரங்களோடு அமர்ந்து, வண்ணத் துணிகளை வெட்டி ஒன்றின்மேல் ஒன்றாக இணைத்துத் திருவிழா உடைகளையும் தொம்பைகளையும் தைத்துவந்தார்கள். அந்தக் கடைகள் அண்மை ஆண்டுகளில் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறியிருக்கின்றன. சௌராஷ்டிர சமூகத்தார் கையால் முடிச்சிட்டுச் சாயமேற்றும் சுங்குடிச் சேலைக்கு 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நம் சபையில் சில குடும்பங்களின் முன்னோர் ஹார்வி மில்லில் நூல் நூற்றவர்கள். இப்படிப்பட்ட ஊரில் தையற்கடையின் ஓரத்தில் குவிகிற வெட்டுத்துணிக்கும் பஞ்சமில்லை.

ஆனாலும் குளிர்நாட்டாரைப் போல உள்ளே பஞ்சு திணித்த கனத்த போர்வை நம் சமவெளிக்கு ஏற்றதன்று. வெட்டுத்துணிகளை இணைத்த மேற்பகுதி ஒன்று, துவைத்துத் துவைத்து மிருதுவான பழைய பருத்திச் சேலை அடியில் ஒன்று, இவ்விரண்டையும் சேர்த்துப் பிடிக்கும் ஓட்டுத்தையல். நமக்கு இதுவே போதும். மார்கழிப் பனிக்கும் தாங்கும், பங்குனி வெயிலிலும் மேலே கிடக்கும்.

நோயினால் படுக்கையில் இருக்கும் நம் சபையார் வீடுகளுக்கு இப்படி ஒரு போர்வையை முறைவைத்துக் கொடுக்கலாம் என்பது பெண்கள் ஐக்கியத்தின் எண்ணம். ஒரு வீட்டுக்கு ஒரு கட்டம் என்று 54 வீடுகளிலிருந்து 54 கட்டங்கள் வரவேண்டும். குறுக்கே ஆறு, நெடுக்கே ஒன்பது. தைத்து முடித்தபின் ஒவ்வொரு கட்டமும் 10 அங்குலம் நிற்குமானால் போர்வை 60 அங்குல அகலமும் 90 அங்குல நீளமும் கொண்டதாகும். ஒரு கட்டத்துக்கு நான்குக்கு நான்காகப் பதினாறு சிறு சதுரங்கள். வெட்டும் அளவைக் காட்ட 3 அங்குலச் சதுர அட்டை ஒன்று வீட்டுக்கு வீடு வழங்கப்பட்டது. அந்தந்த வீட்டில் உடுத்திய துணியிலிருந்தே கட்டம் வரவேண்டும் என்பது ஒரு விதி. துவைத்த துணியாயிருக்கவேண்டும் என்பது மற்றொரு விதி.

இரண்டாவது விதியின் காரணம் நம் ஆண்டவருடைய உவமையிலேயே இருக்கிறது. பழைய வஸ்திரத்தில் கோடித்துண்டை ஒட்டுப்போடுவதைப் பற்றி அவர் சொன்னதை நீங்கள் அறிவீர்கள். கோடி என்பது இன்னும் தண்ணீரைக் காணாத துணி. முதல் சலவையில் அது சுருங்கும். சுருங்கும்போது பக்கத்திலிருக்கும் பழைய துணியை இழுத்துக் கிழிக்கும். சாயமும் இறங்கிப் பக்கத்துத் துணியில் ஏறும். ஆகவே புதுத்துணியானால் உப்புநீரில் ஊறவைத்து, அலசி, நிழலில் உலர்த்தி, இஸ்திரி போட்டு, அதன் பிறகே வெட்டவேண்டும் என்று நம் தாய்மார் சொல்லிக்கொடுத்தார்கள்.

கட்டங்கள் வந்துசேர்ந்தன. அளவு நாடாவை வைத்துப் பார்த்தபோது 54-இல் 31 கட்டங்கள் சரியாக 10½ அங்குலம் இருந்தன. 14 கட்டங்கள் பெரிதாயிருந்தன. அவற்றுள் பல 11¼ அங்குலம். மீதி 9 கட்டங்கள் சிறியவை. ஏறக்குறைய 9 அங்குலமே இருந்தன.

அன்று மாலை நடந்த கூட்டத்தில் மூன்று யோசனைகள் எழுந்தன. சிறியவற்றைத் திருப்பி அனுப்பிவிடலாம் என்றார் ஒருவர். எல்லாவற்றையும் சிறியதன் அளவுக்கு வெட்டிவிடலாம் என்றார் மற்றொருவர். அவற்றைக் கால்மாட்டில் கடைசி வரிசையாக வைத்தால் மடிப்பில் மறைந்துபோகும் என்றார் இன்னொருவர். மூன்றும் நல்லெண்ணத்தோடு சொல்லப்பட்டவையே. எனினும் அந்த ஒன்பது கட்டங்களில் ஏழு ஒரே இடத்திலிருந்து, மதுரைக்கு மேற்கே கிணற்றுப் பாசனத்தை நம்பி வாழ்கிற நம் கிளைச்சபையிலிருந்து வந்தவை என்பதைக் கூட்டத்தில் இருந்த எல்லாரும் அறிவார்கள். அந்த மக்கள் எந்தத் தெருவார் என்பதையும் அறிவார்கள். சொல்லாமல் விடப்பட்ட அந்தச் செய்தி மேசையின்மேல் கட்டங்களோடு கட்டமாகக் கிடந்தது.

நம் சபையின் மூத்த தையற்காரர் ஒருவர் அப்போது எழுந்தார். நாற்பது ஆண்டுகள் கடையில் தைத்துக் கண்பார்வை மங்கியவர். "சின்னதைப் பிறகு பார்ப்போம், முதலில் பெரியதைக் கொடுங்கள்" என்றார். 11¼ அங்குலக் கட்டம் ஒன்றை எடுத்து, இரு முனையையும் பிடித்து, விளக்குக்கு எதிரே இலேசாக இழுத்தார். தையல் நெடுக ஊசித் துளைகள் விரிந்து வெளிச்சம் தெரிந்தது. ஓரிடத்தில் துணியின் ஓரம் பிசிறி, தையலை விட்டே வெளியேறியிருந்தது.

அந்தக் கட்டத்தைத் தைத்த சகோதரிக்கு வருத்தம். "எங்கள் வீட்டுத் துணி நல்ல துணி ஐயா. இதில் என்ன குறை?" என்றார். பெரியவர் அமைதியாகச் சொன்னார்: "துணியில் குறையில்லை அம்மா. உள்ளே கொடுத்ததில்தான் குறை."

பிரியமானவர்களே, கணக்கு இதுதான். எல்லாருக்கும் ஒரே அட்டை. எல்லாரும் வெட்டியது 3 அங்குலச் சதுரமே. கால் அங்குலம் உள்ளே விட்டுத் தைத்தவர்களின் கட்டம் 10½ அங்குலமாயிற்று. அரைக்கால் அங்குலம் மட்டும் விட்டவர்களின் கட்டம் 11¼ அங்குலமாயிற்று. பெரிய கட்டத்தில் ஒரு நூலும் அதிகமில்லை. இணைப்புக்குக் கொடுக்கவேண்டியதைப் பாதி கொடுத்து, மீதியை மேற்புறத்தில் வைத்துக்கொண்டதால் அது பெரிதாகத் தெரிந்தது. இரண்டு சலவை தாங்காது என்பதை அந்த விளக்கு வெளிச்சம் காட்டிற்று.

அதைச் சரிசெய்ய ஓரத்தை வெட்டக்கூடாது என்றார் பெரியவர். வெட்டினால் வெளிவரிசைச் சதுரங்கள் மட்டும் குறுகி, கோலம் கெட்டுப்போகும். பலவீனமான தையலும் அப்படியே இருக்கும். குறுக்கே மூன்று, நெடுக்கே மூன்று என்று எல்லாத் தையல்களையும் இன்னும் அரைக்கால் அங்குலம் உள்ளே தள்ளித் தைத்தால் போதும். ஒரு தையலுக்குக் கால் அங்குலம் வீதம், மூன்று தையல்களுக்கு முக்கால் அங்குலம் குறையும். 11¼ சரியாக 10½ ஆகும். ஒரு துணுக்கும் வீணாகாது. அந்தச் சகோதரி கட்டத்தை வீட்டுக்கு எடுத்துப்போய், மறுநாளே பிளேடால் தையலைப் பிரித்துப் புதிதாகத் தைத்துக்கொண்டுவந்தார். இன்று போர்வையின் உறுதியான கட்டங்களில் அதுவும் ஒன்று.

ஆசரிப்புக் கூடாரத்தின் மூடுதிரைகளைப் பற்றி யாத்திராகமத்தில் வாசிக்கும்போது அளவுகள் நிறைந்த அந்தப் பகுதியை நாம் விரைந்து கடந்துவிடுகிறோம். சற்று நின்று பார்த்தால் அதுவும் துண்டுகளை இணைக்கும் கணக்கே. மெல்லிய பஞ்சுநூல் திரைகள் பத்து. ஒவ்வொன்றும் 28 முழ நீளம், 4 முழ அகலம். ஐந்தும் ஐந்துமாக இணைத்து, ஓரங்களில் ஐம்பது ஐம்பது காதுகள் வைத்து, பொன் கொக்கிகளால் மாட்டினார்கள். அதன்மேல் போடும் ஆட்டுமயிர்த் திரைகளோ பதினொன்று. நீளம் 30 முழம். எண்ணிக்கையில் ஒன்று அதிகம், நீளத்தில் இரண்டு முழம் அதிகம். மிகுதியை வெட்டிப்போடும்படி சொல்லப்படவில்லை. ஆறாவது திரை முன்பக்கத்தில் மடிக்கப்படவேண்டும். மிஞ்சினது பின்பக்கத்தில் தொங்கவேண்டும். நீளத்தில் மிஞ்சின ஒவ்வொரு முழமும் இருபுறத்திலும் வாசஸ்தலத்தை மூடவேண்டும். உள்ளிருக்கும் மெல்லிய திரைக்கு வெயிலும் மழையும் படாமல் காத்தது அந்த மிகுதியே. நம்மில் வசதியுள்ளவர்களின் மிகுதி எதற்காகக் கொடுக்கப்பட்டது என்று இங்கே கற்றுக்கொள்ளலாம்.

இனி அந்த ஒன்பது சிறிய கட்டங்கள். அவை ஏன் சிறுத்தன என்று விசாரித்தபோது காரணம் எளிதாகக் கிடைத்தது. அட்டைகள் வழங்கப்பட்ட ஞாயிறன்று அவை முன்வரிசைகளிலேயே தீர்ந்துபோயின. கடைசி வரிசைகளுக்கும், பேருந்து நேரத்துக்காகச் சீக்கிரம் புறப்பட்டவர்களுக்கும் அட்டை கிடைக்கவில்லை. கட்டம் ஒரு சாணுக்கு ஒரு சாண் இருக்கவேண்டும் என்று யாரோ சொல்லக் கேட்டு, அவர்கள் தங்கள் கையையே அளவாக வைத்து வெட்டினார்கள். சாண் என்பது ஏறக்குறைய 9 அங்குலந்தானே? தங்களுக்குக் கிடைத்த அளவுக்கு அவர்கள் மிகச் சரியாகவே தைத்திருந்தார்கள். தையல் கால் அங்குலத்துக்குக் குறையாமல் உள்ளே இருந்தது.

சிறிய கட்டத்தை அளவுக்குக் கொண்டுவரத் தையற்கலையில் வழி உண்டு. நான்கு பக்கமும் 2 அங்குலப் பட்டைத் துணியைக் கரையாகச் சேர்க்கவேண்டும். 9 அங்குலக் கட்டம் 12 அங்குலமாக விரியும். பிறகு கட்டம் நடுவில் இருக்கும்படி நான்கு பக்கமும் முக்கால் முக்கால் அங்குலம் கத்தரித்தால் 10½ அங்குலம் கிடைக்கும். மூலத் துண்டில் கத்தரி படாது. சேலைக்கு ஓரத்தைக் கரை என்கிறோம். தத்தளிப்பவரைக் காப்பாற்றுவதையும் கரை சேர்ப்பது என்கிறோம். இரண்டுக்கும் ஒரே சொல் இருப்பது எனக்கு மகிழ்ச்சி தந்தது. இந்த யோசனையைக் கேட்டவுடன் கூட்டத்தில் நிம்மதி உண்டாயிற்று. பிரசங்கத்துக்கு நல்ல உதாரணம் என்றும் ஒருவர் சொன்னார்.

அப்போது கிளைச்சபையிலிருந்து வந்திருந்த ஒரு சகோதரி கேட்டார்: "ஐயா, கரை வைத்தால் எங்கள் துண்டு எது என்று பார்த்தவுடனே தெரிந்துவிடுமே?"

ஒருவரும் பதில் சொல்லவில்லை. அவரே தொடர்ந்தார்: "அட்டை ஒன்று கொடுங்கள். எங்களுக்கும் தைக்கத் தெரியும்."

இந்த வாரம் உங்கள் முன் வைக்க நினைத்த வார்த்தை இதுவே. குறைவுள்ளவருக்கு நிறைவாக்கிக் கொடுப்பது நல்ல காரியம். ஆனால் அவருக்கு அளவு ஏன் கிடைக்காமற்போயிற்று என்று கேட்பது அதற்கு முந்தின காரியம். அட்டையை முன்வரிசையில் தீர்த்துவிட்டு, பிறகு கரை வைத்துத் தருகிறோம் என்றால், அந்தக் கரை நம் தயவுக்கு விளம்பரமாகத் தொங்கும். யோப்பா பட்டணத்து தொற்காள் மரித்தபோது விதவைகள் பேதுருவிடம் அவள் செய்துகொடுத்த அங்கிகளைக் காட்டி அழுதார்கள் என்று அப்போஸ்தலர் நடபடிகளில் வாசிக்கிறோம். அவள் அவர்களோடு இருக்கையில் அவற்றைச் செய்தாள் என்று அங்கே குறித்திருப்பதைக் கவனியுங்கள். தூரத்திலிருந்து அனுப்பிய உதவியாக அது இருக்கவில்லை. அந்த வஸ்திரங்களை அவர்கள் வெட்கமின்றி எடுத்துக் காட்டக்கூடியதாக இருந்தது அதனால்தான் என்று எண்ணுகிறேன்.

அடுத்த வாரமே ஒன்பது வீடுகளுக்கும் அட்டை போயிற்று. நான்கு வீட்டார் புதிதாகத் தைத்துக் கொடுத்தார்கள். ஐந்து வீட்டார் முடியாது என்றார்கள். அந்தத் துணியில் இனி மிச்சமில்லை. ஒன்று மறைந்துபோன கணவர் கடைசியாக உடுத்திய சட்டை. ஒன்று பிழைக்காமற்போன குழந்தையின் ஞானஸ்நான உடை. அந்த ஐந்துக்கு மட்டும் கரை சேர்த்தோம். எந்தத் துணியில் கரை என்பதை அவர்களே தேர்ந்தார்கள். சிவப்புச் சுங்குடி ஒன்றைப் பொறுக்கியெடுத்து, தாங்களே தைத்தும் கொடுத்தார்கள். எந்தக் கட்டம் எங்கே இருக்கவேண்டும் என்பதற்குச் சீட்டுப் போட்டோம். கால்மாட்டு வரிசை யாருக்கு என்ற கேள்விக்கும் பெரியவர் விடை சொன்னார்: போர்வைக்குத் தலைமாடும் இல்லை, கால்மாடும் இல்லை, எப்படித் திருப்பினாலும் போர்த்தலாம்.

நம் அண்டை மாநிலமான கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில், ஹளியாள், எல்லாபுரம் பகுதிக் காட்டோரங்களில் சித்தி மக்கள் வாழ்கிறார்கள். போர்த்துக்கீசியரால் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கோவாவுக்குக் கொண்டுவரப்பட்டு, அங்கிருந்து தப்பிக் காடு புகுந்தவர்களின் வழிவந்தவர்கள் அவர்களுள் பலர். அவர்களில் கிறிஸ்தவர்களும் இஸ்லாமியரும் இந்துக்களும் உண்டு. கந்தலான உடைகளைக் கொண்டு அந்தப் பெண்கள் தைக்கும் போர்வை புகழ்பெற்றது. அங்கே அளவட்டை இல்லை. ஓரத்தில் தொடங்கி, சுற்றிச் சுற்றி நடுவை நோக்கி, கையில் கிடைத்த துண்டை அதனதன் அளவிலேயே பொருத்திக்கொண்டு போவார்கள். கிறிஸ்தவப் பெண்கள் சிலுவையையும் இஸ்லாமியப் பெண்கள் பிறையையும் சேர்த்துத் தைப்பதுண்டு. முடிவில் நான்கு மூலைகளிலும் முக்கோணமாக மடித்த துண்டுகளை வைப்பார்கள். பூ என்று அதற்குப் பெயர். பூ வைக்காத போர்வை முழுமையடைந்ததாக அவர்கள் எண்ணுவதில்லை. ஓரத்தில் தொடங்குகிறார்கள், மூலைக்கு மரியாதை செய்து முடிக்கிறார்கள். சரீரத்தில் கனவீனமாய்க் காணப்படும் அவயவத்துக்கே அதிகக் கனத்தைக் கொடுக்கிறோம் என்று பவுல் கொரிந்து சபைக்கு எழுதியதன் கருத்தை அந்தப் பெண்கள் நூலால் எழுதுகிறார்கள் போலும்.

இப்போது நம் போர்வை, பக்கவாதத்தால் படுத்திருக்கும் ஒரு தாயாரின் கட்டிலில் இருக்கிறது. சென்ற வாரம் கிளைச்சபைச் சகோதரிகள் நால்வர் அவரைப் பார்க்கப் போனார்கள். தங்கள் கட்டத்தை அவருக்குக் காட்டினார்கள். அவர் அசையும் வலக்கையால் அதைத் தடவிப் பார்த்தார். ஜெபித்து, காப்பி குடித்துவிட்டு வந்தார்கள். அந்தத் தெருவுக்கு அவர்கள் முன்பும் போயிருக்கிறார்கள், களை எடுக்கவும் நெல் புடைக்கவும். விருந்தினராக ஒரு வீட்டின் உள்ளே போய் உட்கார்ந்தது இதுவே முதல்முறை என்று அவர்களில் ஒருவர் என்னிடம் சொன்னார். எவ்வளவு காலமாக நாம் ஒரே திருவிருந்து மேசைக்கு வருகிறோம் என்று எண்ணிப் பாருங்கள்.

பிரியமானவர்களே, இந்த வாரம் மூன்று காரியங்களைச் சிந்தியுங்கள். உங்கள் குடும்பத்திலோ சபையிலோ நீங்கள் பெரியவராகக் காணப்படுவீர்களானால், அது தேவன் கொடுத்த மிகுதியா, அல்லது இணைப்புக்குக் கொடுக்காமல் வைத்துக்கொண்டதா என்று தையலை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கணவன் மனைவிக்குள்ளும், சொத்துப் பிரித்துக்கொண்ட சகோதரருக்குள்ளும் இற்றுப்போகும் இடம் பெரும்பாலும் அதுவே. ஒருவர் சிறியவராக உங்களுக்குத் தோன்றினால், அவருக்கு அளவட்டை போய்ச் சேர்ந்ததா என்று முதலில் கேளுங்கள். கரை சேர்க்கவேண்டிய இடத்தில், எந்தத் துணி என்பதை அவரே தேர்ந்துகொள்ள விடுங்கள்.

அடுத்த போர்வைக்கான அட்டைகள் வரும் ஞாயிறன்று வழங்கப்படும். கடைசி வரிசையிலிருந்து தொடங்கும்.

ஜெபிப்போம்: எங்களை ஒன்றாக இணைக்கிற ஆண்டவரே, மறைவில் கொடுக்கவேண்டிய பங்கை மனப்பூர்வமாய்க் கொடுக்க எங்களுக்குக் கற்றுத்தாரும். எங்கள் நடுவில் அளவு கிடைக்காமல் தங்கள் கையையே நம்பி உழைக்கிறவர்களைக் காண எங்கள் கண்களைத் திறந்தருளும். படுக்கையிலிருக்கும் உம்முடைய பிள்ளைகளை உமது கிருபையால் மூடிக் காத்தருளும். ஆமென்.